நோக்கம் தேடிய அறிஞர் வொலஸ்

கூர்ப்புக் கொள்கை என்றதும் நம் மாணவர் நாவில் எழும் பெயர் டார்வின். இயற்கைத் தேர்வு என்னும் கருத்தை டார்வினைச் சாராது தாமே கண்ட அல்பிரட் ரசல் வொலஸ், பாடநூலில் ஓரிரு வரிகளோடு நின்றுவிடுகிறார். உயிர்களின் வளர்ச்சி ஒரு குறியை நோக்கிச் செல்கின்றதா என்ற வினாவில் இவ்விருவரும் வேறுபட்ட வரலாறு ஆசிரியரும் மாணவரும் அறியத்தக்கது.

வொலஸ் 1823 ஜனவரி 8ஆம் நாள் வேல்ஸ் நாட்டில் அஸ்க் என்னும் ஊரருகே பிறந்தார். வறுமை காரணமாகப் பதினான்கு வயதளவில் பள்ளியை விட்டு, தமையனாரோடு நிலம் அளக்கச் சென்றார். பல்கலைக்கழகப் படி ஏறாத அவருக்குக் காடும் மேடுமே கல்விக்கூடங்களாயின. 1848இல் அமேசன் காடு புகுந்தார். 1852இல் தாய்நாடு திரும்புங்கால் கப்பல் தீப்பற்றி எரிய, உடன்கொணர்ந்த சேகரிப்பின் பெரும்பகுதி நடுக்கடலில் அழிந்தது. பத்து நாட்கள் படகில் மிதந்து உயிர்பிழைத்தவர், 1854இல் மலாயத் தீவுக்கூட்டத்துக்குப் புறப்பட்டார்! எட்டாண்டுகளில் அங்கு சேர்த்த உயிரின மாதிரிகள் 125,000க்கும் மேலாகும்.

1858இன் தொடக்கத்தில் அத்தீவுகளிற் காய்ச்சலுற்றுக் கிடந்தபோது, மக்கட்பெருக்கம் பற்றி மல்தஸ் எழுதியது அவர் நினைவுக்கு வந்தது. பிறப்பன பல, பிழைப்பன சில. சூழலுக்கேற்ற வேறுபாடு உடையனவே பெரும்பாலும் பிழைக்கின்றன. இக்கருத்தைக் கட்டுரையாக்கி டார்வினுக்கு அனுப்பினார். இருபதாண்டுகளாக அதனையே தம்முள் வைத்திருந்த டார்வின் திகைத்தார். அவ்வாண்டு யூலை 1ஆம் நாள் இருவர் எழுத்தும் லண்டன் லினியன் சங்கத்தில் ஒருங்கே வாசிக்கப்பட்டன. தம்மைக் கேளாது செய்யப்பட்ட இவ்வேற்பாட்டில் வொலஸ் குறை காணவில்லை. இத்தகைய பெருந்தன்மை புலவர் உலகிலும் அரிது.

பிளவு 1869இல் நேர்ந்தது. லயலின் புவிச்சரிதவியல் நூல்களை மதிப்பிட்டு எழுதிய கட்டுரையில் வொலஸ் ஒரு தடை எழுப்பினார். இயற்கைத் தேர்வுக்கு முன்னறிவு கிடையாது. நாளை பயன்படும் என்று கருதி இன்று பயனற்ற உறுப்பை அது வளர்த்து வைக்காது. காடுவாழ் மக்களோடு பன்னிரண்டாண்டுகள் பழகிய அவர், அவர்தம் மூளை ஐரோப்பிய அறிஞரின் மூளைக்கு அளவில் ஏறக்குறைய நிகரானது என்பதை அறிந்திருந்தார். உயர் கணிதமும் தத்துவமும் வேண்டாத வாழ்க்கையில் இத்துணைப் பெரிய மூளை எதற்கு? தேர்வு அதனைத் தந்திருக்க இயலாது. ஆகவே ஒரு பேரறிவு மனிதனை நோக்கத்தோடு வழிநடத்தியது என முடித்தார். கட்டுரை வருமுன்னரே சேதியறிந்த டார்வின், இருவரும் பெற்ற பிள்ளையை வொலஸ் தம் கையாலேயே கொன்றுவிடுவாரோ என அஞ்சிக் கடிதம் வரைந்தார்.

1865 முதல் ஆவியுலக ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தமையே இம்மாற்றத்துக்குக் காரணம் என்பார் உளர். அதிற் சிறிது உண்மை இருக்கலாம். எனினும் வொலஸ் தேர்வுக் கொள்கையை அளவிறந்து நம்பினார் என்பதே பெரிய காரணம் எனத் தோன்றுகின்றது. ஒவ்வோர் உறுப்பும் அதன் இன்றைய பயனுக்கெனவே தோன்றியிருத்தல் வேண்டும் என அவர் கொண்டார். ஒரு பயனுக்கென வளர்ந்தது பிறிதொன்றுக்கு உதவுதல் கூடும் என்பதை டார்வின் ஏற்றிருந்தார். பறவாத டைனோசர்கள் சிலவற்றின் உடலிலும் இறகு இருந்தமையை இன்று உயிர்ச்சுவடுகள் காட்டுகின்றன. பறத்தல் பின்னரே வந்தது. மூளையையும் அவ்வாறே விளக்கலாம். விலங்கின் அடிச்சுவடு அறிதல், பல்வகைச் செடிகளை நினைவிற் கொள்ளல், சுற்றத்தோடு பேசி இணங்குதல் ஆகியவற்றுக்கு வேண்டிய அறிவு சிறிதன்று. காட்டு மக்களைப் பெரிதும் மதித்த வொலஸ், அவர்தம் அன்றாட வாழ்வின் நுட்பத்தை எடைபோடத் தவறியது வியப்பே.

கருத்து வேறுபட்டும் நட்புக் குன்றவில்லை. வொலஸ் பொருள்முட்டுற்றபோது, 1881இல் ஆண்டுக்கு 200 பவுண் அரச உதவிப்பணம் கிடைக்க முன்னின்று முயன்றவர் டார்வின். மறு ஆண்டு டார்வினின் பேழையோடு சென்றோருள் வொலஸும் ஒருவர். 1889இல் தாம் வெளியிட்ட கூர்ப்பு நூலுக்கு ‘டார்வினிசம்’ என்றே பெயரிட்டார். அதன் இறுதி அதிகாரத்திலோ உயிர், உணர்வு, மனித உள்ளம் ஆகிய மூன்றின் தோற்றத்துக்கும் சடப்பொருளைக் கடந்த ஆற்றல் வேண்டும் என வாதித்தார். 1910இல், 87ஆம் வயதில் எழுதிய ‘உயிருலகம்’ என்னும் நூலில் அந்நோக்கத்தை உயிரினம் அனைத்துக்கும் விரித்தார்.

1913 நவம்பர் 7ஆம் நாள் புரோட்ஸ்டோனில் மறைந்தார். அவ்வூர் மயானத்தில் அவர் கல்லறைமேல் நிற்பது, கல்லாய்ச் சமைந்த பண்டை மரமொன்றின் அடித்துண்டு.