கிங் ஹபர்ட்

மேரியன் கிங் ஹபர்ட் (அக்டோபர் 5, 1903 – அக்டோபர் 11, 1989) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த புவி இயற்பியலாளரும் பேராசிரியரும் ஆவார். அந்நாட்டின் எண்ணெய் உற்பத்தி உச்சத்தை எட்டிப் பின்னர் குறையும் என 1956 இல் இவர் கணித்தார். எண்ணெய்க் கிணறுகளில் பாறையைப் பிளக்கும் முறையின் இயக்கவியலை விளக்கியவரும் இவரே.

வாழ்க்கைக் குறிப்பு

டெக்சாஸ் மாநிலத்தின் சான் சாபாவில் பிறந்தார். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பயின்று, 1937 இல் முனைவர் பட்டம் பெற்றார். 1930களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் புவி இயற்பியல் கற்பித்தார். 1943 முதல் 1964 வரை ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் ஆய்வாளராகவும், பின்னர் 1976 வரை அமெரிக்க நிலவியல் அளவாய்வுத் துறையிலும் பணியாற்றினார். 1960களில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருந்தார். 1981 இல் வெட்லசன் பரிசு பெற்றார்.

நிலத்தடிப் பாய்மங்கள்

நிலத்தடி நீர் அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பாய்கிறது என்று மட்டும் கூறுவது பொருந்தாது. உயரத்தால் வரும் ஆற்றலையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என 1940 இல் நிறுவினார். 1953 இல் இக்கருத்தை எண்ணெய்க்கும் விரித்தார். நிலத்தடி நீர் ஓடிக்கொண்டிருக்கும் பாறைகளில், எண்ணெயும் நீரும் சந்திக்கும் தளம் கிடைமட்டமாக இராது, சாய்ந்திருக்கும் என்று காட்டினார்.

பாறைப் பிளப்பு

கிணற்றுக்குள் நீர்மத்தை உயரழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளந்தால், எண்ணெய் எளிதில் வெளியேறும். இப்பிளவுகள் கிடைமட்டமாகவே உண்டாகின்றன என்ற கருத்து அப்போது பரவலாக இருந்தது. ஹபர்ட்டும் டேவிட் வில்லிசும் 1957 இல் வெளியிட்ட ஆய்வில், பாறையின்மீதுள்ள தகைவு எத்திசையில் மிகக் குறைவோ அத்திசைக்குச் செங்குத்தாகவே பிளவு திறக்கும் என்று நிறுவினர். ஆழத்தில் பெரும்பாலும் பிளவுகள் செங்குத்தாக நிற்பதன் காரணம் இதனால் விளங்கியது. கூழ்மத்தைப் பாறையாகக் கொண்ட சோதனையாலும் இதனை மெய்ப்பித்தனர்.

ஹபர்ட் வளைகோடு

அளவுக்குட்பட்ட வளம் எதுவாயினும், அதன் உற்பத்தி சுழியத்தில் தொடங்கி, உயர்ந்து, மீண்டும் சுழியத்தையே அடையும். வளைகோட்டின் கீழுள்ள பரப்பு மொத்த வளத்துக்குச் சமமாகும். 1956 மார்ச்சில் சான் அன்டோனியோ நகரில் நடந்த எண்ணெய்த் தொழில்துறைக் கூட்டத்தில் ஹபர்ட் இதை எடுத்துரைத்தார். எடுக்கக்கூடிய மொத்த எண்ணெய் 15,000 கோடி பீப்பாய் எனில் 1965 அளவிலும், 20,000 கோடி எனில் 1970 அளவிலும் அமெரிக்காவில் உச்சம் நேரும் என்றார். தொழில்துறையினர் பலர் இதனை ஏற்கவில்லை. ஆனால் 1970 இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 96 இலட்சம் பீப்பாய் என்ற அளவை எட்டிய உற்பத்தி, பின்னர் குறையத் தொடங்கியது.

கணிப்பும் பின்விளைவும்

2008 இல் உற்பத்தி நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 இலட்சம் பீப்பாயாகக் குறைந்திருந்தது. அதன்பின் கிடைமட்டக் கிணறுகளும் பாறைப் பிளப்பும் இணைந்து, இறுகிய பாறைகளில் அடைபட்டிருந்த எண்ணெயை வெளிக்கொணர்ந்தன. 2018 இல் ஆண்டுச் சராசரி உற்பத்தி 1970 ஆம் ஆண்டின் அளவை விஞ்சியது. ஹபர்ட் பிறந்த டெக்சாஸ் மாநிலமே இவ்வெழுச்சியில் முன்னணியில் நின்றது.

இவ்வாறு, அவர் விளக்கிய தொழில்நுட்பமே அவர் வரைந்த வளைகோட்டை மாற்றியது. வளம் அளவுக்குட்பட்டது என்ற அடிப்படை இதனால் பொய்க்கவில்லை. ஆனால் எடுக்கக்கூடிய மொத்த அளவு, நிலத்தடியில் உள்ளதை மட்டுமன்றி, அதனை எடுக்கும் வழியையும் விலையையும் பொறுத்தது என்பது தெளிவாயிற்று.