வைசூரி கண்ட வீட்டு வாசலில் ஒரு குருவானவர்



சர்வேசுரனை எல்லாவற்றிற்கும் மேலாக நேசிக்க வேண்டும், தன்னைத்தான் நேசிப்பதுபோல் பிறரையும் நேசிக்க வேண்டும் என்று சிறு வயதிலேயே ஞானோபதேசத்தில் படித்தோம். கற்பனை இரண்டானாலும் வேர் ஒன்றே. வேர் இருக்கிறதென்று சொல்லிக்கொண்டு துளிர்விடாமல் நிற்கும் மரம் பட்டமரம். வேரை விட்டுப் பிரிந்த கிளையோ இரண்டு நாள் பச்சையாயிருந்து மூன்றாம் நாள் வாடிப்போகும். தேவசிநேகமும் பிறர்சிநேகமும் ஒரே மரமாய் வளர்ந்த ஒரு குருவானவரின் சரித்திரத்தை இந்த வாரம் உங்கள் முன் வைக்கிறோம். இலங்கையின் அப்போஸ்தலர் என்று அழைக்கப்படும் அர்ச். ஜோசப் வாஸ் சுவாமியாரே அவர்.

1651-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21-ம் தேதி, கோவா நாட்டில் பெனாலிம் என்னும் ஊரில், கொங்கணி பேசும் பக்தியுள்ள குடும்பத்தில் அவர் பிறந்தார். சிறு பிராயத்திலேயே ஜெபத்தில் நாட்டமுள்ளவர். கோவா நகரில் கல்வி முடித்து 1676-ல் குருப்பட்டம் பெற்றார். குருவானவர் ஆனதும் காலணியைக் கழற்றிவிட்டார். ஏழைகள் வெறுங்காலோடு நடக்கிற நாட்டில் தாமும் அப்படியே நடப்பதென்று முடிவு செய்தார். மறு ஆண்டு தேவமாதாவுக்குத் தம்மையே அடிமையாக எழுதிக்கொடுத்தார். அந்தப் பத்திரத்தின்படியே கடைசிவரை வாழ்ந்தார்.

அந்நாளில் இலங்கையிலிருந்து ஒரு துயரச் செய்தி கோவாவுக்கு வந்துகொண்டிருந்தது. 1658-ல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வேதத்தைத் தடைசெய்து, குருக்களை வெளியேற்றிவிட்டார்கள். குருவானவருக்கு இடங்கொடுப்பவருக்கு மரணதண்டனை என்று பறைசாற்றினார்கள். கோவில்கள் பறிபோயின. திவ்விய பலிபூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் கேட்பாரில்லை, மரண வேளையில் அவஸ்தைப்பூசுதல் கொடுப்பாரில்லை. அங்குள்ள விசுவாசிகள் மேய்ப்பனற்ற மந்தையானார்கள். இதைக் கேட்ட நாள் முதல் வாஸ் சுவாமியாரின் மனம் அந்தத் தீவையே சுற்றிக்கொண்டிருந்தது.

ஆனால் மேலதிகாரிகள் 1681-ல் அவரைக் கன்னட நாட்டுக்கு அனுப்பினார்கள். அவர் முணுமுணுக்கவில்லை. மூன்று ஆண்டுகள் அங்கே உழைத்து, சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களைக் கூட்டிச் சேர்த்து, அடிமைகளாக விற்கப்பட்டவர்களை மீட்டு, ஏழைகளுக்குத் துணையாயிருந்தார். கோவாவுக்குத் திரும்பியபின், அர்ச். பிலிப்பு நேரியாரின் ஒழுங்கைப் பின்பற்றி வாழத் தொடங்கியிருந்த இந்தியக் குருக்களின் சபையில் 1685-ல் சேர்ந்தார். அவர்கள் அவரையே தலைவராக்கினார்கள். அந்தப் பதவி அவரைக் கட்டிப்போடவில்லை. அடுத்த ஆண்டே யோவான் என்ற ஊழியனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இலங்கைக்குப் புறப்பட்டார்.

தூத்துக்குடியில் காத்திருந்து, 1687-ல் கூலியாள் வேஷத்தில் கப்பலேறினார். கடலில் புயலும் பசியும் வாட்டின. யாழ்ப்பாணத்தில் கரையேறியபோது கடும் வயிற்றுக்கடுப்பு. யோவானும் படுத்த படுக்கையானான். முன்பின் தெரியாத ஊரில் இரக்கமுள்ளவர்கள் ஊற்றிய கஞ்சிதான் இருவர் உயிரையும் காத்தது என்று அவர் சரித்திரம் கூறுகிறது. பின்னாளில் ஆயிரமாயிரம் நோயாளிகளுக்குக் கஞ்சி ஊற்றப் போகிறவர், முதலில் பிறர் கையால் கஞ்சி வாங்கிக் குடித்தார் என்பதை நாம் மறக்கலாகாது.

உடல் தேறியதும் கழுத்தில் ஜெபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். ஜெபமாலையைக் கண்டு முகம் மலர்கிறவர் கத்தோலிக்கர் என்று அறிவதற்கு அதுவே அவருக்கு வழி. மெள்ள மெள்ள அவர்கள் அடையாளம் தெரிந்தார்கள். சில்லாலைக் கிராமத்தார் அவரைத் தங்கள் நடுவே மறைத்துக் காப்பாற்றினார்கள். பகலெல்லாம் ஒளிந்திருந்து, இரவில் வீடு வீடாகப் போய்ப் பூசை செய்து, தேவதிரவிய அனுமானங்களைக் கொடுத்தார். தமிழில் பேசினார், தமிழில் போதித்தார். 1689-ல் கிறிஸ்துமஸ் இரவில் ஒல்லாந்தச் சேவகர் வளைத்துப் பிடித்தபோது 300 பேர் வரை சிறைப்பட்டார்கள். கசையடிபட்டு ஒருவர் உயிர்துறந்தார். சுவாமியார் மட்டும் அவர்கள் கையில் அகப்படவில்லை.

அதன்பின் புத்தளம் வழியாக, ஒல்லாந்தர் ஆட்சிக்கு உட்படாத கண்டி இராச்சியத்துக்குள் நுழைந்தார். 1692-ல் கண்டி நகரை அடைந்தபோது, அரண்மனையில் செல்வாக்குப் பெற்றிருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் இவர் போர்த்துக்கீசரின் ஒற்றர் என்று அரசனிடம் கோள் சொன்னார். சுவாமியார் சிறையில் அடைக்கப்பட்டார். சிறையிலும் அவர் வீணே இருக்கவில்லை. சிங்களம் கற்றார். காவல் சற்றுத் தளர்ந்ததும் சிறை வளவிலேயே சிறு கோவில் ஒன்று அமைத்துப் பூசை செய்தார். கொடும் வறட்சி ஒன்றின்போது நகரின் நடுவே பீடம் வைத்து அவர் ஜெபிக்க, மழை பெய்ததென்றும், அது முதல் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவருக்குச் சுதந்திரம் அளித்தானென்றும் பாரம்பரியம் கூறுகிறது.

1697-ல் கண்டியில் வைசூரி கண்டது.

1980-ல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட அந்நோயின் கொடுமையை நம் பிள்ளைகள் அறியார்கள். மருந்தில்லை; தப்பினவர் முகத்தில் தழும்பு, சிலருக்குக் கண் போகும். அரசனும் பிரபுக்களும் நகரைவிட்டு அகன்றார்கள். பயத்தினால் சொந்த ஜனமே நோயாளியைக் காட்டில் கொண்டுபோய் விட்டுத் திரும்பியது. தாய்க்குப் பிள்ளை இல்லை, பிள்ளைக்குத் தாய் இல்லை. அந்தப் பயத்தைப் பழித்துப் பேச நமக்கு வாயில்லை. 2020-ல் கொரோனா வந்தபோது நாமும் எத்தனை கதவுகளைச் சாத்தினோம் என்பதை நம் மனச்சாட்சி அறியும்.

எல்லாரும் ஓடிய வழிக்கு எதிர்வழியே வாஸ் சுவாமியார் நடந்தார். அவருடைய உறவினரான கர்வாலியோ சுவாமியாரும் உடன் சென்றார். கைவிடப்பட்டவர்களைத் தேடி எடுத்துக் குடிசைகளில் கிடத்தினார்கள். புண்ணைக் கழுவினார்கள். கஞ்சி காய்ச்சி வாயில் ஊற்றினார்கள். அழுக்குத் துணியைத் துவைத்தார்கள். இறந்தவர்களுக்குத் தாங்களே குழி வெட்டி அடக்கம் செய்தார்கள். கத்தோலிக்கனா, பௌத்தனா, இந்துவா என்று கேட்கவில்லை. நோயுற்றவன் என்பது ஒன்றே போதுமாயிருந்தது.

இங்கே ஒரு கணம் நின்று யோசிப்போம். இவர் இலங்கைக்கு வந்தது எதற்காக? குருவின்றித் தவித்த கத்தோலிக்கருக்குப் பூசை வைக்கத்தானே? வைசூரி கண்ட கண்டி ஜனங்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் அல்லர். அவரை ஒற்றனென்று சிறையில் தள்ளியதும் அதே நகரம். என் மந்தை வேறு, என் வேலை வேறு என்று அவர் ஒதுங்கியிருந்தால் குறைசொல்வார் ஒருவருமில்லை. ஆனால் தேவசிநேகத்துக்கு வேலி கட்ட முடியாது. காலையில் பீடத்தில் சேசுநாதரின் திருச்சரீரத்தைக் கையில் ஏந்தியவர், அந்தக் கையாலேயே நோயாளியின் உடலைத் தொட்டார். இரண்டையும் ஒரே வணக்கமாகவே அவர் எண்ணினார். நல்ல சமாரியன் உவமையில் அடிபட்டுக் கிடந்தவனின் சாதியும் வேதமும் கேட்கப்படவில்லை அன்றோ?

அவர் வேலை மிகுந்ததென்று ஜெபத்தைக் குறைத்தவரும் அல்லர். இரவில் நெடுநேரம் முழந்தாளில் நிற்பார். அங்கே பெற்ற பலம்தான் பகலில் அருவருப்பை வென்றது. மனித இரக்கம் மட்டும் துணையாயிருந்தால், நாற்றமும் களைப்பும் நன்றியின்மையும் அதைச் சில நாளில் தின்றுவிடும். சுவாமியாரோ சலிக்காமல் நின்றார். பல ஆண்டு போதனையால் திறவாத உள்ளங்கள் அந்தச் சேவையைக் கண்டு தாமே திறந்தன. அரசனே அவருடைய தொண்டை மெச்சினான்.

பின்னர் கோவாவிலிருந்து குருக்கள் பலர் துணைக்கு வந்தார்கள். 1705-ல் வந்த ஜாக்கோமே கொன்சால்வேஸ் சுவாமியார் சிங்களத்திலும் தமிழிலும் ஞான நூல்கள் பல இயற்றினார். வாஸ் சுவாமியாரை மேற்றிராணியாராக்க ரோமாபுரியின் தூதுவர் விரும்பியபோது, அவர் தாழ்மையோடு மறுத்துவிட்டார். தீவின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, காட்டு வழிகளில் நடந்தே தம் மக்களைச் சந்தித்தார். உழைத்து உழைத்து உடல் ஓய்ந்தது. வாழ்நாளில் செய்யத் தவறியதை மரண வேளையில் செய்வது எளிதல்ல என்று உடனிருந்த குருக்களுக்குப் புத்தி சொல்லி, 1711-ம் ஆண்டு ஜனவரி 16-ம் தேதி இரவு கண்டியில் உயிர் நீத்தார். வயது 59. அவரை அடக்கம் செய்த இடம் இன்னதென்று இன்று ஒருவராலும் காட்ட இயலாது. 1995-ல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் கொழும்பில் அவருக்கு முத்திப்பேறு பட்டமளித்தார். 2015 ஜனவரி 14-ம் தேதி அதே நகரில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரை அர்ச்சியசிஷ்டராகப் பிரகடனம் செய்தார். திருநாள் ஜனவரி 16.

பங்குக் குடும்பத்தாரே, நம் நெய்வேலி நகரியத்தில் ஒருவரும் பூர்வீகக் குடியல்லர். சுரங்கமும் அனல்மின் நிலையமும் நம்மைப் பல ஜில்லாக்களிலிருந்தும் பல மாநிலங்களிலிருந்தும் கூட்டி வந்து, ஒரே வட்டத்தில் சுவரோடு சுவராகக் குடிவைத்தன. ஆனாலும் அடுத்த குவார்ட்டர்ஸில் யார் படுத்திருக்கிறார், இரவு ஷிப்டு முடிந்து வந்தவருக்குச் சோறு உண்டா, பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட முதியவரை ஆஸ்பத்திரிக்கு யார் அழைத்துப் போவது என்று நமக்குத் தெரிகிறதா? நகரியத்தின் எல்லைக்கு அப்பால், இந்தச் சுரங்கத்துக்காகத் தங்கள் நிலத்தையும் வீட்டையும் விட்டுக்கொடுத்த கிராமத்தார் இருக்கிறார்கள். நிரந்தரமில்லாத வேலையில் நாளைய கூலியை எண்ணிக் கலங்கும் ஒப்பந்தத் தொழிலாளர் இருக்கிறார்கள். அவர்களும் நமக்கு அயலார் அல்லவா?

காட்டுக்குப் போய்க் குடிசை போடும்படி இன்று ஒருவரும் நம்மைக் கேட்கவில்லை. இந்த ஞாயிறு நன்மை வாங்கிய வாயோடு வீட்டுக்குப் போகும் வழியில், ஒரு கதவைத் தட்டினால் போதும். நம் வேதத்தாராயினும் வேறு வேதத்தாராயினும், நமக்கு நன்மை செய்தவராயினும் கோள் சொன்னவராயினும், நோயோ தனிமையோ வாட்டும் வீடாக அது இருக்கட்டும். குடும்பத்தில் ஒருவர் கஞ்சி காய்ச்சட்டும், இன்னொருவர் கொண்டுபோகட்டும், சிறு பிள்ளைகளும் உடன் போய்ப் பார்க்கட்டும். இரவு ஜெபமாலை சொல்லும்போது அந்த வீட்டாரின் பெயரையும் சொல்லி வேண்டுவோம்.

அர்ச். ஜோசப் வாஸே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.