வாசலுக்கு வெளியே நின்ற வீரன்



அமெரிக்காவின் பேஸ்பால் விளையாட்டில் அந்தக் காலத்து வீரர் பெரியவரா, இந்தக் காலத்து வீரர் பெரியவரா என்று வாக்குவாதம் ஓய்வதே இல்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் நான் ஜோஷ் கிப்ஸனை நினைத்துக்கொள்வேன்.

1911-ல் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பிழைப்புக்காகக் குடும்பம் பிட்ஸ்பர்க் வந்து சேர்ந்தது. 1930-ல் அவருடைய மனைவி இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றுப் பிரசவத்திலேயே மரித்துப்போனாள். அப்போது அவருக்கு 18 வயதுதான். அந்தத் துக்கத்தோடேதான் மட்டையைப் பிடித்தார்.

பெரிய லீகில் பேப் ரூத் 714 ஹோம் ரன் அடித்துப் புகழ்பெற்ற நாட்கள் அவை. அந்த லீகின் வாசலோ கறுப்பருக்கு அடைத்திருந்தது. ஆகவே ஜோஷ், நீக்ரோ லீக் என்ற தனி லீகில் ஆடினார். மூளையில் கட்டி வந்தும் ஆட்டத்தை விடவில்லை. 1947 ஜனவரியில் 35 வயதில் மரித்தார். மூன்றே மாதத்தில் ஜாக்கி ராபின்சன் அந்த வாசலுக்குள் நுழைந்தார். எப்படி இருக்கு பாருங்க! ஜோஷின் கல்லறைக்கோ வெகுகாலம் பெயர்க்கல்கூட இல்லை.

2024-ல் நீக்ரோ லீக் கணக்கையும் பெரிய லீகின் ஏட்டில் சேர்த்தார்கள். அதுவரை முதலிடத்தில் இருந்த டை காபின் மட்டைச் சராசரி .367. ஜோஷுக்கு .372! மரித்து 77 வருஷம் கழித்து முதலிடம் கிடைத்தது.

இன்றைய வீரன் எல்லா நிறத்தாரோடும் மோதி ஜெயிக்கிறான். அன்றைய பெரியவர்கள் பாதி வாசலை அடைத்துவிட்டு ஜெயித்தார்கள். அந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் யாரையும் பெரியவர் என்று சொல்லாதீங்க.

பிரியமானவர்களே, நம் நடுவில் யாருடைய தாலந்து வாசலுக்கு வெளியே நிற்கிறது?