குஸ்திராவும் ககதூவும்: லெ. வி. ஷ்செர்பாவின் வாழ்வும் உருசியப் பெயர்ச்சொல் ஆய்வும்

உருசிய மொழியில் வேற்றுமை ஆறு, பால் மூன்று, எண் இரண்டு. இவற்றைப் பெயரின் ஈறே பெரும்பாலும் உணர்த்துவதால், அம்மொழி இலக்கணிகள் பெயர்ச்சொல்லை அதன் ஈற்றைக் கொண்டே வரையறுக்க முற்பட்டது இயல்பே. ஈற்றுத் திரிபையே ஏற்காத பெயர்களை எங்ஙனம் வகைப்படுத்துவது? இவ்வினாவுக்குத் தெளிந்த விடை கண்டவர்களுள் ஒருவர் லெவ் விளாதீமிரவிச் ஷ்செர்பா (1880-1944). ஒலியியல் அறிஞராகவே அவர் பெரிதும் போற்றப்படுகிறார். அவருடைய சொல்வகை ஆய்வும் அதற்குக் குறைந்ததன்று என்பது இக்கட்டுரையின் துணிபு.

கீவ் நகரில் பள்ளிக்கல்வி முடித்த ஷ்செர்பா 1898இல் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயிலச் சேர்ந்தார். மறு ஆண்டே பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திற்குப் பெயர்ந்து மொழிக்கல்வியை மேற்கொண்டார். அங்கு போதுவன் தெ கூர்த்தெனே அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். 1906இல் வெளிநாடு சென்று, இத்தாலியில் தஸ்கானிய வட்டார வழக்குகளையும் பாரிசில் ரூஸ்லோவின் ஆய்வகத்தில் செய்முறை ஒலியியலையும் கற்றார். ஆசிரியரின் அறிவுரைப்படி ஜெர்மனியின் லுசாத்தியப் பகுதிக்குச் சென்று, முன்னர் அறிந்திராத முஷாகோவ் சோர்பிய வழக்கை உழவர்களிடையே தங்கி அவர்கள் வாய்மொழியாகவே கற்றார். அம்மக்கள் சோர்பியமும் ஜெர்மனும் ஒருங்கே பேசுவோர். அவர்கள் உள்ளத்தில் பொருள் ஒன்றாகவும் அதற்கான சொல்வடிவம் இரண்டாகவும் நிற்பதை அவர் அங்குக் கண்டார். 1915இல் வெளிவந்த அவர்தம் முனைவர் பட்ட நூல் இக்களப்பணியின் விளைவாகும். பொருளும் வடிவும் வேறுவேறாகப் பிரியக்கூடும் என்னும் உணர்வு இக்காலத்திலேயே அவரிடம் வேரூன்றியிருக்க வேண்டும் எனக் கருதலாம்.

1909 முதல் ஒலியியல் ஆய்வகத்தை நடத்தினார், 1912இல் உருசிய உயிரொலிகளைப் பற்றிய நூலை வெளியிட்டார், 1916இல் பேராசிரியரானார்.

அவர் வகுப்பறையில் அமைத்த ஒரு தொடர் பின்னாளில் மாணவர் லெவ் உஸ்பென்ஸ்கியின் நூல் வழியே நாடெங்கும் பரவியது. அத்தொடரின் வேர்கள் யாவும் பொருளற்றவை. ஈறுகள் மட்டும் உருசியத்திற்குரியவை. எனினும் குஸ்திரா என்பது பெண்பால் பெயர் என்பதும், அது வேறோர் உயிரை ஏதோ செய்தது என்பதும், அவ்வுயிரின் குட்டியை இன்னும் ஏதோ செய்துகொண்டிருக்கிறது என்பதும் கேட்டோர்க்கு விளங்கின. ஈறு தனியே இவ்வளவு பேசும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

இத்தொடரை மட்டும் அறிந்தவர்கள் ஷ்செர்பாவை வடிவவாதி என எண்ணக்கூடும். அது பிழை. ஃபர்த்துனாத்தவின் மாஸ்கோ மரபினர் வடிவத் திரிபையே அளவுகோலாகக் கொண்டு சொற்களை வடிவமுடையன, வடிவமற்றன எனப் பகுத்தனர். இப்பகுப்பைக் கண்டிப்பாகக் கைக்கொண்டால், அயல்மொழிகளிலிருந்து வந்த பால்த்தோ (மேலங்கி), ககதூ (கொண்டைக்கிளி) போன்ற திரியாப் பெயர்கள் வினையடைகளோடு ஒரே கூட்டில் அடைபடும். 1928இல் வெளிவந்த சொல்வகை பற்றிய கட்டுரையில் ஷ்செர்பா இதனை மறுத்தார். திரிபு ஏற்பதால் ஒரு சொல் பெயராவதில்லை. பெயராதலின் திரிபு ஏற்கிறது என்பது அவர் கொள்கை. ககதூ ஒரு பறவையின் பெயர் என்று அறிந்தவன் அதன் ஈற்றைத் தேடுவதில்லை. மேலும், உடன்வரும் அடைமொழியும் வினையும் அதன் பெயர்த்தன்மைக்குப் போதிய வடிவச் சான்றுகளாகும்.

திரியாப் பெயர்களின் பாலும் இக்கொள்கைக்கு அரண் செய்கிறது. திரியும் பெயருக்கு ஈறு பாலைக் காட்ட, திரியாப் பெயருக்குப் பெரும்பாலும் பொருளே பாலைத் தருகிறது. உயிரற்றவை நடுப்பாலாகவும், விலங்கும் பறவையும் பொதுவாக ஆண்பாலாகவும் கொள்ளப்படும். மிசிசிப்பி, ஆறு என்னும் உருசியச் சொல்லையொட்டிப் பெண்பாலாகும். ஒன்ராரியோ ஏரி என்பதையொட்டி நடுப்பாலாகும். திபிலீசி நகரம் என்பதையொட்டி ஆண்பாலாகும். விலக்குகளும் உள. கோஃபே (காப்பி) ஆண்பாலாக நிற்பதற்கு அதன் பழைய திரியும் வடிவம் காரணம் என்பர். கழுத்தில் அணியும் போவா இன்று நடுப்பால். புஷ்கினின் யெவ்கேனி ஒனேகினிலோ ஆண்பால்.

தமிழாய்வாளர்க்கு இது புதிதன்று. சாத்தன் வந்தான், சாத்தன் வந்தது என விரவுப்பெயரின் திணையை வினை உணர்த்துவதும், ஆ வந்தது, ஆ வந்தன எனப் பால்பகா அஃறிணைப் பெயரின் ஒருமை பன்மையை வினை உணர்த்துவதும் நம் இலக்கண மரபு நன்கறிந்தவையே. பெயரின் ஈற்றில் இல்லாதது தொடரில் வெளிப்படுகிறது. உருசியத்தில் இறந்தகால வினையும் அடைமொழியும் இப்பணியைச் செய்கின்றன.

1941இல் போர் அவரை லெனின்கிராதிலிருந்து கீரவ் மாநிலத்துச் சிற்றூருக்குப் பெயர்த்தது. அங்கும் எழுத்துப்பணி தொடர்ந்தது. 1943இல் மாஸ்கோ சேர்ந்தார். அவ்வாண்டே அறிவியல் கழகத்தின் முழு உறுப்பினரானார். 1944 டிசம்பர் 26இல் அங்கேயே மறைந்தார். அக்கழகம் 1952இல் வெளியிடத் தொடங்கிய பேரிலக்கணத்தில் திரியாப் பெயர்கள் பெயரியலிலேயே இடம்பெற்றன.