அர்பத்நட் கவிழ்ந்தது, அவர் எழுந்தார்

ஓசூர் சிப்காட்டிலே இரவு ஷிப்டு முடித்துத் திரும்பும் தோழன், மிச்சம் பிடித்த பணத்தை எங்கே போடுகிறான்? எவன் அதிக வட்டி தருகிறானோ அவனிடம்! 1906-லும் அதே கதைதான். ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தில் இருந்த காலம் அது. சென்னையிலே வெள்ளையரின் அர்பத்நட் கம்பெனியை நம்பாதவர் இல்லை. ஜமீன்தார் போட்டார், குமாஸ்தாவும் போட்டார்.

அது கவிழ்ந்தபோது பணம் போட்டவர்களுக்காக எழுந்து நின்றவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். 1863-ல் தஞ்சைத் தரணியிலே, திருவிடைமருதூரில் பிறந்தவர். சென்னை உயர்நீதிமன்றத்தில் பெயர் பெற்ற வக்கீல். அரசியலில் மிதவாதி. ஆயினும் தீவிரவாதி பாரதியின் பாடல்களை 1907-ல் தம் செலவிலே அச்சிட்டு வழங்கியவரும் அவரேதான்!

கம்பெனி கவிழ்ந்த விதம் என்ன? இங்கே வாங்கிய டெபாசிட், லண்டன் கூட்டாளி மக்ஃபாடியனின் கைக்குப் போயிற்று. அங்கே சூதாட்ட வாணிபத்தில் கரைந்தது. வட்டி வந்துகொண்டிருந்தவரை எவரும் கணக்குக் கேட்கவில்லை. 1906 அக்டோபர் 20-ல் மக்ஃபாடியன் தற்கொலை செய்துகொண்டான். 22-ல் சென்னைக் கம்பெனி கதவை மூடியது!

இதற்கு உறவுக்கார வித்தை ஒன்று இன்றும் உண்டு. கேரி டிரேடு என்பார்கள். வட்டி மலிந்த ஜப்பானில் யென் கடன் வாங்கி, வருமானம் மிகுந்த நாட்டிலே போடுவது. யென் விலை அசையாதவரை லாபம். அசையாது என்ற நம்பிக்கையே மேலும் மேலும் கடன் வாங்கச் சொல்லும். 2024 ஜூலை 31-ல் ஜப்பான் மத்திய வங்கி வட்டியைக் கால் சதவீதமாக உயர்த்தியது. யென் ஏறியது, கடன் சுமையும் ஏறியது. வாங்கியவர்கள் பங்குகளை விற்றுக்கொண்டு ஓடினார்கள். ஆகஸ்டு 5-ல் டோக்கியோ சந்தை 12 சதவீதத்துக்கு மேல் வீழ்ந்தது. பம்பாய் சென்செக்ஸ் 2,200 புள்ளிக்கு மேல் சரிந்தது. அவர்கள் பாடு நமக்கென்ன என்கிறாயா, தோழா? உன் வருங்கால வைப்பு நிதியிலே ஒரு பகுதி 2015 முதல் பங்குச் சந்தையில்தான் இருக்கிறது!

கிருஷ்ணசாமி ஐயர் கடன்காரக் கம்பெனியை நீதிமன்றத்திலே விடவில்லை. சர் பட்டம் பெற்ற ஜார்ஜ் அர்பத்நட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. வெள்ளைக்கார முதலாளி சிறைக்குப் போவதென்றால் அந்நாளிலே சாமானியமா?

அதோடு அவர் வீட்டுக்குப் போய்விடவில்லை. நம்மவர் பணம் நம்மவர் கண்ணெதிரே இருக்கவேண்டும் என்று நகரத்தார் உள்ளிட்டோரைச் சேர்த்தார். 1907 ஆகஸ்டு 15-ல் இந்தியன் வங்கி திறந்தது. பிறகு நீதிபதியானார்; கவர்னரின் நிர்வாக சபையிலும் அமர்ந்தார். 1911 டிசம்பரில், ஐம்பது வயதுகூட ஆகாமல் மறைந்தார். அவர் தொடங்கிய வங்கி 1969-ல் நாட்டுடைமையாயிற்று. ஓசூரிலும் அதன் கிளை இருக்கிறது.