பிரித்தாலும் உடையக்கூடாது: இயன் மர்டாக்

உபுண்டுல பைதான் ஏற்கெனவே இருக்கும். ஆனா வென்வ் உருவாக்கப் போனா, தனியா இன்னொரு பேக்கேஜ் போடச் சொல்லும். ஒரே மென்பொருளை ஏன் இப்படித் துண்டு போட்டு வெச்சிருக்காங்க? இந்தப் பழக்கம் உபுண்டுவுக்கு டெபியனிலிருந்து வந்தது. டெபியனைத் தொடங்கியவர் இயன் மர்டாக்.

1973-ல் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகரில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்தவர். பர்டூ பல்கலைக்கழகத்தில் நம்மள மாதிரி மாணவரா இருந்தப்போ, எஸ்எல்எஸ் என்ற லினக்ஸ் வழங்கலின் பிழைகள் அவரைப் பாடாய்ப் படுத்தின. 1993 ஆகஸ்ட் 16-ல் டெபியனை அறிவித்தார். அப்போ வயசு 20. தோழி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது.

மொத்த சிஸ்டத்தையும் ஒரே ஆள் கட்ட வேண்டாம், பேக்கேஜ்களாகப் பிரிச்சு ஆளுக்குக் கொஞ்சம் பார்த்துக்கலாம் என்பதே அவர் திட்டம். பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜியின் முதல் வடிவத்தை அவரே எழுதினார். பிறகு இயன் ஜாக்சன் அதை சி மொழியில் புதுசா எழுதினார்.

பிரிக்கிறதுல ரெண்டு ஆபத்து இருக்கு. பழைய பேக்கேஜ் வெச்சிருக்கிற ஃபைல் மேல புதுசு எழுதப் போனா, டிபிகேஜி பிழை காட்டி நின்னுடும். அதனால புது பேக்கேஜ்ல பிரேக்ஸ், ரிப்ளேசஸ்னு ரெண்டு வரி சேர்த்து, பிரிவுக்கு முந்தைய வெர்ஷன்களைக் குறிக்கணும். அடுத்தது, அந்த ஃபைலை நம்பியிருந்த மத்த பேக்கேஜ்கள். அவை புதுப் பேரைத் தங்கள் டிபெண்ட்ஸ் வரியில் சேர்க்கும்வரை, பழைய பேக்கேஜே புதியதைச் சார்ந்திருக்கும்படி வைக்கணும். அப்போ யாருக்கும் எதுவும் உடையாது.

நம்ம தாமிரபரணிக் கணக்கும் இதுதான். சுத்தமல்லி அணைக்கட்டில் நெல்லைக் கால்வாய் பிரியுது. ஆனா அதுக்குக் கீழே மருதூருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் தண்ணி போயாகணும். பிரிக்கிறவங்களுக்குக் கடைமடை ஞாபகத்துல இருக்கணும்.

மர்டாக் தன்னையும் அப்படித்தான் பிரிச்சுக்கிட்டார். 1996-ல் பொறுப்பை புரூஸ் பெரன்ஸிடம் கொடுத்துட்டு விலகினார். டெபியன் நிக்கல. 2004-ல் உபுண்டு அதன்மேல்தான் எழுந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கும் அதுவே அடித்தளம்.

பின்னாளில் சன் மைக்ரோசிஸ்டம்ஸிலும் டாக்கரிலும் வேலை பார்த்தார். 2015 டிசம்பர் 28-ல், 42 வயதில், சான்பிரான்சிஸ்கோவில் இறந்தார். 2017-ல் வந்த டெபியன் 9-ஐ அவர் நினைவுக்குச் சமர்ப்பித்தாங்க. அவர் தலைமையை விட்டு அப்போ 21 வருஷம் ஆகியிருந்தது. டெபியன் அவர் இல்லாமலே ஓடிக்கிட்டு இருந்தது. இன்னைக்கும் ஓடுது.