எரித்தவர்களும் காத்தவர்களும்

நான் எழுதப்போவது ஒரு பாதிரியாரைப் பற்றி. பிரசங்கம் ஏதோ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்! இன்ஜினியரான என்னை அவரிடம் இழுத்தது அவர் எழுதிவைத்த லாக் புக்தான்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1703-ல் இங்கிலாந்தின் எப்வொர்த் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா அங்கே சபை குரு. 1709 பிப்ரவரியில் ஒரு ராத்திரி வீடு தீப்பற்றியது. ஐந்து வயது ஜான் மாடியில் மாட்டிக்கொண்டான். ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி, ஜன்னல் வழியாகப் பிள்ளையை இறக்கினார்கள். உயிர்கள் தப்பின. அப்பாவின் புத்தகங்களும் கையெழுத்துப் பிரதிகளும் சாம்பலாயின.

ஆக்ஸ்ஃபோர்டில் படித்த வெஸ்லி 1725-ல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். தம்பி சார்லஸும் சில நண்பர்களும் அவரோடு சேர்ந்து படிப்பு, ஜெபம், சிறைக் கைதிகளைப் பார்ப்பது என்று ஒழுங்குமுறையாக வாழ்ந்தார்கள். மற்ற மாணவர்கள் கேலியாக வைத்த பெயர்தான் மெதடிஸ்ட். ஹாஸ்டல் பட்டப்பெயர் எவ்வளவு தூரம் போகும் பாருங்கள்!

பிறகு அந்த நாட்குறிப்பு மணிக்கு மணி பதிவாக மாறியது. எத்தனை மணிக்கு எழுந்தார், யாரைப் பார்த்தார், எதைப் படித்தார், எல்லாம் அதில் உண்டு. ஆனால் சுருக்கெழுத்திலும் சொந்தக் குறியீடுகளிலும் எழுதியதால் மற்றவர்கள் படிக்க முடியாது. 1739-ல் பிரிஸ்டலில் திறந்த வெளியில் பிரசங்கம் செய்யத் தொடங்கியவர், அதன்பின் ஐம்பது வருஷம் குதிரையிலும் வண்டியிலும் ஊர் ஊராகச் சுற்றினார். வழியெல்லாம் கடிதங்கள் எழுதினார். 1778-ல் ஒரு மாதப் பத்திரிகை தொடங்கி, தம் பிரசங்கிகளின் வாழ்க்கைக் கதைகளையும் கடிதங்களையும் அச்சேற்றினார். சாவதற்கு ஆறு நாள் முன்பு, 1791 பிப்ரவரி 24-ல், அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்ஃபோர்ஸுக்கு உற்சாகமூட்டி எழுதினார்.

அவர் போன பிறகுதான் காகிதங்களுக்குச் சோதனைக் காலம். உயிலில் டாக்டர் கோக், டாக்டர் வைட்ஹெட், ஹென்றி மூர் மூவரிடமும் அவற்றை ஒப்படைத்திருந்தார். வைட்ஹெட் அவற்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டு தனியாக வரலாறு எழுதினார். மற்ற இருவரும் முந்திக்கொண்டு 1792-லேயே வேறொரு வரலாற்றை வெளியிட்டார்கள். சண்டை ஓய்ந்து காகிதங்கள் லண்டன் சிட்டி ரோடு வீட்டுக்குத் திரும்பியதும், ஜான் பாசன் என்ற பிரசங்கி ஒரு பெரும் பகுதியை எரித்துவிட்டார். வெஸ்லி ஓரக்குறிப்பு எழுதிய ஷேக்ஸ்பியர் புத்தகமும் அதில் போயிற்று! பாசன் விரோதி அல்ல, வெஸ்லியின் சீடர். பக்திக்கு உதவாதது எதற்கு என்று நினைத்தார், அவ்வளவுதான்.

மூவரில் கோக், 1814-ல் இலங்கைக்கு மிஷனரிகளை அழைத்து வரும் வழியில் இந்தியப் பெருங்கடலில் காலமானார். கூட வந்தவர்கள் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பணி தொடங்கினார்கள்.

தப்பிய நாட்குறிப்புகளின் சங்கேதத்தை நெகேமியா கர்னாக் என்பவர் பொறுமையாக உடைத்தார். அவருடைய பதிப்பு 1909 முதல் எட்டுத் தொகுதிகளாக வந்தது. மெதடிஸ்ட் சபை 1961-ல் லண்டனில் ஓர் ஆவணக் காப்பகம் அமைத்தது. 1977-ல் அது மான்செஸ்டர் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்துக்கு மாறியது. வெஸ்லி சகோதரர்களின் கையெழுத்துகளோடு, சார்லஸுக்குச் சாதாரணப் பெண்கள் தங்கள் அனுபவத்தை எழுதிய கடிதங்களும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. பாசனிடம் கேட்டிருந்தால் அவற்றில் எத்தனை தேறியிருக்கும்?

எரித்தவரும் காத்தவரும் ஒரே கூட்டத்தார், ஒரே மனிதரை நேசித்தவர்கள். எனக்கு உறைத்தது அதுதான். எது உபயோகம் என்று அன்றைக்கே தீர்ப்புச் சொன்னவர் எரித்தார். அதைப் பின்னால் வருகிறவர்களுக்கு விட்டவர் காத்தார். சீனியர்களே, உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஹாஸ்டல் கடிதமோ, பேராசிரியர் திருத்திய நோட்டோ, கையெழுத்துப் பத்திரிகையோ இருக்கலாம். எடைக்குப் போடும் முன் நம்ம சங்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். தம்பி தங்கைகளே, வாங்கி வைக்க லைப்ரரியில் ஒரு பீரோவுக்கு இடம் பாருங்கள்.